இரண்டு பேரேடு

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிற எந்தக் கடைக்குப் போன் போட்டாலும் இரண்டு கேள்விகள் வரும். முதலாவது, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களாண்ணே?" அதற்கு மசியவில்லை என்றால் இரண்டாவது, "ரைட் கிளிக் பண்ணி ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்துப் பாத்தீங்களா?" பிரிண்டர் இழுக்கவில்லையா, ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்து விழவில்லையா, பழைய பில்லிங் மென்பொருள் திறக்கவில்லையா, எல்லாவற்றுக்கும் இதுதான் கைவைத்தியம். வயிற்று வலிக்கு ஓமத் தண்ணி மாதிரி. பெரும்பாலும் கேட்டும் விடுகிறது. கேட்டுவிடுவதுதான் சிக்கல். ஏன் கேட்டது என்று அப்புறம் யாரும் பார்ப்பதில்லை.

மென்பொருள் எழுதுகிறவர்கள் கதையும் பெரிதாக வேறில்லை. நான் வேலை பார்த்த அலுவலகங்களில் விஷுவல் ஸ்டுடியோவை எப்போதும் அட்மினாகவே திறக்கும்படி ஐகானில் டிக் போட்டு வைத்திருப்பவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எதுக்குங்க என்று கேட்டால், "எப்பவோ ஒரு தடவ எரர் வந்துச்சு, அப்போ வச்சது" என்பார்கள். அந்த எரர் போய் இரண்டு புராஜெக்ட் முடிந்திருக்கும். டிக் அப்படியே இருக்கும்.

இந்த டிக் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஓடுகிற ஒவ்வொரு நிரலும், தன்னைத் திறந்த ஆளின் அடையாளச் சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்கும். எந்தக் கோப்பைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று விண்டோஸ் முடிவு செய்வது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான். அட்மின் ஆள் உள்ளே வந்தால் அவருக்கு இரண்டு சீட்டு தயாராகும். ஒன்று அன்றாடத்துக்கு, அதிகாரம் குறைந்தது. இன்னொன்று முழு அதிகாரம் கொண்டது, பெட்டிக்குள் பூட்டியிருக்கும். ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று சொல்லும்போது பெட்டியிலிருந்து அந்த இரண்டாவது சீட்டு வெளியே வருகிறது. வந்தது அந்த நிரலோடு நிற்பதில்லை. அந்த நிரல் வேறு எதையெல்லாம் ஓட விடுகிறதோ அத்தனைக்கும் அதே சீட்டின் நகல் போகும். எழுதுகிற கருவிக்கு ஒரு மேலாளர் அதிகாரம் கொடுத்தால், அது கூப்பிடுகிற கம்பைலர், டெஸ்ட், நீட்டிப்பு, இணையத்தில் இருந்து இறங்குகிற நிறுவல் ஸ்கிரிப்ட் எல்லாருமே மேலாளர்கள்.

இது தெரிந்தும் ஏன் எங்களுக்கு அந்த வார்த்தை மேல் இவ்வளவு ஆசை? கரிசல் பக்கம் பிறந்து எஞ்சினியரிங் படித்தவனாக எனக்கு ஒரு பதில் தெரியும்.

2005-ல் நான் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தவர்கள் நாலைந்து பேர். மற்றவர்களுக்கு லேப்தான். லேபில் எக்ஸ்பி. மாணவன் லாகின் எண்ணைப் போட்டு உள்ளே போனால் டர்போ சி திறக்கும், டி ட்ரைவில் நம் ரோல் நம்பர் போட்ட ஃபோல்டர் திறக்கும், அதோடு சரி. கண்ட்ரோல் பேனலைத் தொட்டால் "உங்கள் நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும்" என்று ஆங்கிலத்தில் வரும். அந்த நிர்வாகி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் லேப் உதவியாளர். செருப்பைக் கழற்றிவிட்டு, ரெக்கார்டு நோட்டைக் காட்டிவிட்டு, அவரிடம் போய் நின்றால் வந்து பாஸ்வேர்டு போட்டுக் கொடுப்பார். போடும்போது உடம்பை வளைத்துக் கீபோர்டை மறைத்துக்கொள்வார். வீட்டில் சொந்தமாக எதையும் பூட்டி வைக்கிற அளவுக்கு வசதியில்லாத பையன்களுக்கு, வாழ்க்கையில் பார்த்த முதல் நவீனப் பூட்டு அதுதான்.

ஆகவே சொந்தக் கம்ப்யூட்டரில் முதல்முறை அட்மினாக உட்காருவது என்பது வெறும் செட்டிங்ஸ் விஷயமல்ல. வாடகை வீட்டில் இருந்து சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிப் போகிற மாதிரி. ஆணி அடிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்குள் அப்படி முதல் அட்மின் நுழைந்தது. அதைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு இப்போதும் கோபம் உண்டு.

ஆனால் ஆசைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதாலேயே அது நல்ல பழக்கம் ஆகிவிடாது. அதை நான் பார்த்தது ஒரு தீப்பெட்டி ஆபீசில்.

எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ்தான். என் தாய்மாமாவுக்குக் கழுகுமலை ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒன்று இருந்தது, இருக்கிறது. பெண்கள் கட்டை அடுக்குவார்கள், அதாவது குச்சிகளைச் சட்டத்தில் வரிசை வரிசையாகச் செருகுவார்கள். சட்டத்தோடு மெழுகில் முக்கி, மருந்தில் முக்கி, காயவைத்து, பெட்டியில் அடைப்பார்கள். கூலி எண்ணிக்கைக்கு. இன்று எத்தனை கட்டை அடுக்கினாய், எத்தனை பெட்டி அடைத்தாய் என்பதுதான் சம்பளம். அதனால் ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு சிட்டை உண்டு. கணக்கப்பிள்ளை தன் நோட்டில் எழுதுவார், அவர்கள் சிட்டையிலும் எழுதிக் கொடுப்பார்.

2004 வாக்கில் அந்த நோட்டு கம்ப்யூட்டருக்குப் போனது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விஷுவல் பேசிக் 6-ல் கூலிக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், நல்ல மென்பொருள். கணக்கப்பிள்ளை அண்ணாச்சியை ஒரே வாரத்தில் பழக்கி எடுத்துவிட்டது. பேரேடு முழுவதும் ஒரே ஒரு ஆக்சஸ் கோப்பு. அது இருந்த இடம், மென்பொருள் இருந்த அதே இடம், புரோகிராம் ஃபைல்ஸ். எக்ஸ்பியில் பத்து வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கு ஆதரவை நிறுத்தியது. ஆடி மாசம் மாமா விண்டோஸ் 7 போட்ட புது டெஸ்க்டாப் வாங்கினார். சர்வீஸ் கடைப் பையன் பழைய ஃபோல்டரை அப்படியே புதுக் கணினியின் புரோகிராம் ஃபைல்சுக்குள் தூக்கி வைத்தான். கணக்கப்பிள்ளை எப்போதும் போல டபுள் கிளிக் செய்து திறந்தார், எழுதினார். மூன்று மாதம் சரியாகப் போனது.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 22. அதற்கு முன்னால் போனஸ் கொடுக்க வேண்டும். போனசுக்கு வருடக் கணக்கு அச்செடுக்கப் போனபோது பிரிண்டர் வேலை செய்யவில்லை. கடைக்குப் போன் போட்டார்கள். இரண்டாவது கேள்வி வந்தது. பையன் நேரில் வந்து, டெஸ்க்டாப்பில் இருந்த குறுக்குவழி ஐகானில் ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று நிரந்தரமாக வைத்துவிட்டுப் போனான். அச்சு வந்தது. ஆனால் அதில் ஆடிக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.

மாமா முதலில் மென்பொருளைச் சந்தேகப்படவில்லை. மனுசனைத்தான் சந்தேகப்பட்டார். "முப்பது வருசமா இருக்காரு, இல்லைங்கல. ஆனா மூணு மாசக் கணக்கு எங்கடே போவும்? அவரு தவிர அந்தப் பெட்டிய யாரு தொடுதா?" என்று என்னிடம் போனில் கேட்டார். கணக்கப்பிள்ளை அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லையாம். விடுபட்டதை மறுபடி ஏற்றப் பழைய தாள்களோடு உட்கார்ந்துவிட்டார். அந்த வாரக் கணக்கையும் அதே ஐகானில்தான் எழுதினார். நாலாவது நாள் ஸ்டார்ட் மெனு வழியாகத் திறந்திருக்கிறார். தொலைந்த மூன்று மாதமும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இந்த வாரம் எழுதியதைக் காணோம். "பேய்க்கணக்கால்ல இருக்கு" என்று மாமா சொன்னார். இதற்குள் கட்டை அடுக்குகிற ஒரு அக்கா தன் சிட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "அண்ணாச்சி, எனக்கு ஒரு வாரம் கொறயுது" என்று சொல்லிவிட்டார்.

நான் தீபாவளிக்கு நாலு நாள் முன்னதாகவே பஸ் ஏறினேன்.

நடந்தது இதுதான். எக்ஸ்பியில் நிறுவலின்போது உருவாகும் முதல் கணக்கே அட்மின். எல்லாரும் எப்போதும் அதிலேயே வேலை செய்தார்கள். 2007-ல் வந்த விஸ்டாவில் இருந்து மைக்ரோசாஃப்ட் அதை மாற்றியது. சாதாரணச் சீட்டு வைத்திருக்கும் நிரல் புரோகிராம் ஃபைல்சுக்குள் எழுத முடியாது. ஆனால் அப்படி ஒரேயடியாகத் தடுத்தால் பழைய மென்பொருள் பாதி செத்துவிடும். அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். பழைய நிரல் ஒன்று அங்கே எழுத முயன்றால், மறுக்காமல், அந்தக் கோப்பை ஆளுடைய சொந்த இடத்துக்குள் வெர்ச்சுவல் ஸ்டோர் என்ற ஒளிந்திருக்கும் ஃபோல்டரில் நகலெடுத்து, அந்த நகலில் எழுத விடும். நிரலுக்கு அது தெரியாது. தான் அசலில் எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அதே நிரலை அட்மினாகத் திறந்தால் இந்தத் தந்திரம் கிடையாது, நேராக அசலுக்கே போகும்.

ஆக, டபுள் கிளிக் செய்தால் ஒரு பேரேடு. அட்மினாகத் திறந்தால் இன்னொரு பேரேடு. ஒரே கணினி, ஒரே ஆள், ஒரே மென்பொருள். மூன்று மாதம் நகலில் இருந்தது, ஒரு வாரம் அசலில் இருந்தது. இரண்டுமே அழியவில்லை. ஒன்றை ஒன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று ராத்திரி ஒளிந்திருந்த ஃபோல்டரைத் திறந்து கணக்கப்பிள்ளையிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு இரண்டு பேருமாக ஒரு வாரக் கணக்கை நகலில் ஏற்றினோம். அவர் ஏற்றிய எண்ணை நம்பாமல், பெண்களின் சிட்டைகளை வாங்கி வந்து ஒவ்வொரு எண்ணையும் ஒத்துப் பார்க்கச் சொன்னது அவர்தான். விடிகாலை மூன்று மணிக்கு முடிந்தது. கோப்பை டி ட்ரைவில் தனி ஃபோல்டருக்கு மாற்றி, மென்பொருளின் அமைப்புக் கோப்பில் பாதையை மாற்றி, அட்மின் டிக்கை எடுத்தேன். மாமா காலையில் வந்து, "என்ன அண்ணாச்சி, தூங்கலயா" என்று மட்டும் கேட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் குடும்பத்தில் புழக்கத்தில் இல்லை.

இந்தக் கதையில் யார் மேல் குற்றம்? சர்வீஸ் பையன் மேல் போடுவது சுலபம். நான் யோசித்தது அந்த மென்பொருளை எழுதியவரைப் பற்றி. அவர் சோம்பேறி இல்லை. அவருடைய கணினியில் விஷுவல் பேசிக் அட்மினாக ஓடியது. அதில் இருந்து அவர் ஓட்டிப் பார்த்த கணக்கு மென்பொருளும் அட்மினாகவே ஓடியது. எழுதக் கூடாத இடத்தில் எழுதுகிறோம் என்று அவருக்குச் சொல்ல அந்தக் கணினியில் யாருமே இல்லை. எழுதுகிறவன் எல்லாக் கதவும் திறந்த வீட்டில் உட்கார்ந்து எழுதினால், கதவு என்ற ஒன்று இருப்பதே அவன் நிரலுக்குத் தெரியாது. வாங்கியவன் வீட்டில் போய்த்தான் முட்டிக்கொள்ளும்.

மைக்ரோசாஃப்டுக்கும் இது தெரிந்திருந்தது. விஸ்டாவில் திரையை இருட்டாக்கி "அனுமதிக்கவா?" என்று கேட்கிற பெட்டியை உலகமே திட்டியது. 2008 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்எஸ்ஏ மாநாட்டில், அந்த நிறுவனத்தின் டேவிட் கிராஸ் அதை வைத்ததே பயனர்களை எரிச்சல்படுத்தத்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். எரிச்சல்பட்ட பயனர் மென்பொருள் எழுதியவரைத் திட்டுவார், அவர் திருந்துவார், அட்மின் தேவைப்படாத மென்பொருள் எழுதுவார் என்பது கணக்கு. பெரிய நிறுவனங்கள் விஷயத்தில் இந்தக் கணக்கு ஓரளவு பலித்தது என்றுதான் நினைக்கிறேன். கோவில்பட்டியில், மென்பொருள் எழுதியவர் எப்போதோ துபாய்க்குப் போய்விட்டிருந்தார். திட்டு வாங்கியது கணக்கப்பிள்ளை.

கருவிக்கு அதிகம் அதிகாரம் கொடுத்து கணக்குக் கோப்பு போன கதை நம்மூரில் மட்டும் நடந்ததில்லை. நார்ம் ஹார்டி 1988-ல் எழுதிய சின்னக் கட்டுரை ஒன்று இந்தத் துறையில் பிரபலம். டைம்ஷேர் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பெரிய கணினியைப் பலருக்கு வாடகைக்கு விட்டது. அதில் ஃபோர்ட்ரான் கம்பைலர் ஒன்று. யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை எழுத வேண்டும் என்பதற்காக, அந்தக் கம்பைலருக்குத் தன் ஃபோல்டரில் எழுதச் சிறப்பு அனுமதி கொடுத்திருந்தார்கள். அதே ஃபோல்டரில்தான் வாடிக்கையாளர்களின் பில் கோப்பும் இருந்தது. ஒரு பயனர், பிழைத்திருத்த விவரங்களை எழுத வேண்டிய கோப்பு என்று அந்தப் பில் கோப்பின் பெயரைக் கொடுத்தார். அவருக்கு அதைத் தொட உரிமை கிடையாது. கம்பைலருக்கு உண்டு. அது போய் பில் மேல் எழுதிவிட்டது. ஹார்டி இதற்குக் குழம்பிய உதவியாள் என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார். கம்பைலருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. யாருடைய அதிகாரத்தில் எந்த வேலையைச் செய்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை.

எந்த நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அளவு உரிமைக்கு மேல் கொடுக்காதே என்பதை சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். மாமாவுக்கு இதை விளக்கப் பெரிய பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்குகிற இடம் தனியாக இருக்கும். பொட்டாசியம் குளோரேட் இருக்கிற அறைக்கும் கட்டை அடுக்குகிற இடத்துக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். அன்றைக்குத் தேவையான மருந்தை மட்டும்தான் கலக்குவார்கள். மருந்து கலக்குகிறவர் நல்லவரா என்பது அங்கே பேச்சே இல்லை.

லினக்ஸ் ஆட்கள் இதைப் படித்துவிட்டு மீசையை முறுக்க வேண்டாம். அங்கே சூடோ இருக்கிறது. ஒரு தடவை சூடோ போட்டு என்பிஎம்மில் எதையாவது நிறுவினால், உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே ரூட்டுக்குச் சொந்தமான கோப்புகள் விழும். அடுத்த தடவை சூடோ இல்லாமல் அதைத் தொட முடியாது. ஆகவே மறுபடி சூடோ. கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதை. 2018 பிப்ரவரியில் வந்த என்பிஎம் 5.7.0 பதிப்பில் ஒரு பிழை இருந்தது. சாதாரணப் பயனர் சூடோ போட்டு அதை ஓட்டினால், கணினியின் உயிர்நாடியான ஃபோல்டர்களின் உரிமையையே அது மாற்றிவிடும். சிலருடைய சர்வர்கள் அதோடு படுத்தன. மறுநாளே திருத்தப் பதிப்பு வந்தது. அந்தக் கருவி எழுதியவர்களும் கெட்டவர்கள் இல்லை. சூடோ இல்லாமல் ஓட்டியிருந்தால், அதே பிழைக்கு அந்த ஃபோல்டர்கள் எட்டியே இருக்காது. மேக்கில் ஹோம்புரூவை சூடோவோடு ஓட்டினால் அது மறுத்துவிடும். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, நியாயமானது. 2018 ஜூலையில் ஒருவருடைய என்பிஎம் கணக்கைக் கைப்பற்றி, ஈஎஸ்லின்ட்-ஸ்கோப் என்ற பொதியில் திருட்டு நிரலை ஏற்றினார்கள். நிறுவுகிறவரின் என்பிஎம் சாவிகளை அது திருடி அனுப்பியது. அதற்கு அட்மின் உரிமை எதுவும் தேவைப்படவில்லை. ஒரு புரோகிராமரிடம் திருட வேண்டிய அத்தனையும், சாவி, மூலநிரல், பிரவுசரில் திறந்திருக்கும் வங்கி, எல்லாம் அவருடைய சாதாரணக் கணக்குக்குள்ளேயே கிடக்கிறது. அட்மினைப் பூட்டி என்ன பயன்? பிரிண்டர் டிரைவரைத்தான் காப்பாற்றுகிறோம் என்று கிண்டல் செய்வார்கள்.

பெங்களூரில் ஒரு ஆளுக்கு ஒரு லேப்டாப் என்று இருக்கிற இடத்தில் இந்தக் கிண்டல் முக்கால்வாசி உண்மை. எங்கள் பக்கம் அப்படி இல்லை. ஒரு தீப்பெட்டி ஆபீஸ், ஒரு கடலைமிட்டாய்க் கடை, ஒரு வக்கீல் ஆபீஸ் என்று எதற்குள் போனாலும் டெஸ்க்டாப் ஒன்றுதான் இருக்கும். காலையில் அதில் கூலிக் கணக்கு. மதியம் ஆடிட்டர் ஆபீஸ் ஆள் வந்து ஜிஎஸ்டி. சாயங்காலம் முதலாளி வீட்டுப் பிள்ளை வந்து காலேஜ் புராஜெக்ட். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. அங்கே அட்மின் என்பது என் பொருள் மேல் எனக்கு இருக்கும் உரிமை அல்ல. அடுத்தவர் பொருள் மேல் என் கருவிகளுக்கு, அந்தக் கருவிகள் கூப்பிடும் முகம் தெரியாத ஆயிரம் பொதிகளுக்கு நான் கொடுக்கும் உரிமை. பயனர் கணக்குகளைத் தனித்தனியாகப் பிரிப்பது பழைய காலத்து யோசனை, பல பேர் ஒரே கணினியைப் பகிர்ந்த காலத்தில் உருவானது. அந்தக் காலம் எங்கள் ஊரில் இன்னும் முடியவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு நான் பாதி நாள் ஊரில் இருந்துதான் வேலை பார்க்கிறேன். அந்தப் 'பிள்ளை' என் அக்கா மகள். மூன்றாம் வருடம் எஞ்சினியரிங். ஆபீஸ் மூடிய பிறகு மாமாவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். பெட்டி ஒட்டுகிற பெண்களின் சிட்டையைப் போனில் தமிழில் காட்டுகிற ஒரு செயலி. ஒரு நாள் கூப்பிட்டாள்.

"மாமா, எல்லாத்துலயும் தமிழ் அடிக்க வருது, விஷுவல் ஸ்டுடியோல மட்டும் வரமாட்டேங்கு."

"அட்மினா ஓப்பன் பண்ணிருக்கியா?"

"ஆமா, கடைல அப்டித்தான் வச்சுக் குடுத்தாங்க. இப்போ கேட்டா, கீபோர்டு சாஃப்ட்வேரையும் அட்மினா ஓப்பன் பண்ணுங்கங்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு வருகிற நோய் இது. அதிகாரம் குறைந்த நிரல் அதிகாரம் கூடிய நிரலின் ஜன்னலுக்குள் விசையழுத்தங்களைச் செலுத்தக் கூடாது என்று விஸ்டாவில் இருந்து ஒரு விதி இருக்கிறது. நல்ல விதி. நாம் அடிக்கிற ஆங்கில எழுத்தை இடையில் பிடித்துத் தமிழாக மாற்றி அனுப்புகிற மென்பொருட்கள் சாதாரணச் சீட்டோடு ஓடுவதால், அட்மின் ஜன்னலுக்குள் அவற்றின் கை நீளாது. ஃபோல்டரில் இருந்து கோப்பை இழுத்து உள்ளே போடுவதும் நடக்காது. கடைக்காரர் சொன்ன வைத்தியம் பலிக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், நாம் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிற மென்பொருளுக்கு முழு அதிகாரம். ஒருத்தருக்குச் சாவி கொடுத்ததால் இரண்டாவது ஆளுக்கும் சாவி.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய் மூன்று கணக்குகள் உருவாக்கினேன். கணக்கப்பிள்ளைக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, இரண்டுமே சாதாரணம். மூன்றாவது அட்மின், அதில் யாரும் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது. பேரேட்டு ஃபோல்டர் கணக்கப்பிள்ளையின் கணக்குக்கு மட்டும் திறக்கும். அவளுடைய கருவிகளில் எதற்கு உண்மையிலேயே அட்மின் வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். விஎஸ் கோடை ஒரு பயனருக்கு மட்டும் நிறுவலாம், அட்மின் கேட்காது. நோடு 3000-வது போர்ட்டில் ஓட அனுமதியே வேண்டாம். டேட்டாபேஸ் சேவையை நிறுவ ஒரு தடவை வேண்டும், அப்புறம் வேண்டாம். வேறு ஆளின் பெயரில் ஓடுகிற சேவையைப் பிழைத்திருத்துவது போன்ற வேலைகளுக்கு நிஜமாகவே வேண்டும். அவளுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. முதல் வாரம் நாலைந்து தடவை பாஸ்வேர்டு கேட்டது. பிறகு எப்போதாவது.

தகராறு வந்தது அந்தப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்க வேண்டும் என்பதில்தான். "சர்வீஸ்காரன்ட்ட இருக்கட்டும். சின்னப் பிள்ளைட்ட எதுக்கு?" என்றார் மாமா. சர்வீஸ் கடை, தான் பார்க்கிற ஆபீஸ் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தது மாமாவுக்கும் தெரியும். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வெளியூர் ஆடிட்டர் ஆபீஸ் பையனிடம்கூட அது இருந்தது. கூடப் பிறந்தவள் பேத்தியிடம் கொடுக்கத்தான் கை வரவில்லை. அவள் முகம் தொங்கிப்போனது. லேப் வாசலில் நின்ற எங்கள் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

கணக்கப்பிள்ளை அண்ணாச்சிதான் வாயைத் திறந்தார். பத்து வருடத்தில் அந்தப் பழைய விஷயத்தை அவர் ஒருமுறைகூடப் பேசி நான் கேட்டதில்லை. "மொதலாளி, பாப்பாட்ட குடுங்க. அது என்ன செய்யுதுன்னு அதுக்குத் தெரியும். தெரியாதவன்ட்ட இருந்து நாம பட்டது போதும்."

மாமா கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செரி, மாத்திப் போடு" என்றார்.

இப்போது அவளிடம்தான் இருக்கிறது. தன் வேலைக்கு அவள் அந்தக் கணக்கில் நுழைவதில்லை. அதற்கு மாமா ஒரு நாள் கேட்டிருக்கிறார், "சாவிய வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் எதுக்குளா சாதாப் பேர்ல போற?" அவள் செயலியைச் சோதிக்க அவரைத்தான் உட்கார வைத்திருந்தாளாம். "தாத்தா, இது ஒங்க போன்ல ஓடணும், அந்தக் கட்ட அடுக்குற அத்த போன்ல ஓடணும். அங்கல்லாம் நான் அட்மின் இல்லல்லா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பட்டனை அழுத்தச் சொல்லியிருக்கிறாள். அதில் ஒரு எரர் வந்தது என்று அன்றைக்கு ராத்திரி எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அனுமதி மறுக்கப்பட்டது என்ற எரர். எழுதக் கூடாத ஃபோல்டரில் அவள் நிரல் எழுதப் பார்த்திருந்தது.